காதால் படிக்கும் பக்கம்

ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். கணிப்பொறியின் முன் அமர்ந்து ஏதேனும் ஓர் அரசுத் துறையின் இணையதளத்தைத் திறந்துகொள்ளுங்கள். பிறகு திரையின் மீது ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். மவுஸையும் எட்ட வைத்துவிடுங்கள். இப்போது உங்களுக்கு எஞ்சியிருப்பவை விசைப்பலகையும் காதுகளுமே. அந்தத் தளத்தில் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, நிரப்பி, அனுப்ப வேண்டும். நாளை மாலை ஐந்து மணியுடன் கெடு முடிகிறது.

உங்களால் முடியுமா?

முடியாவிட்டால் நாம் துண்டை எடுத்துவிடலாம். எடுக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்களுள் மாணவர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, வேலை தேடும் பட்டதாரிகள் உண்டு, ஓய்வூதியம் பெறும் முதியவர்களும் உண்டு.

முன்பெல்லாம் அரசு அலுவலகம் என்றால் அது ஒரு கட்டடம். பார்வையற்றவர் ஒருவர் அங்கே போனால், வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருப்பார். உள்ளே வாயைத் திறந்து கேட்டால் பதில் சொல்ல ஓர் எழுத்தர் இருப்பார். இன்று அந்த அலுவலகத்தின் பெரும்பகுதி இணையதளத்துக்குள் குடிபோய்விட்டது. வருமானச் சான்று, தேர்வு விண்ணப்பம், வரிக் கணக்கு, நுழைவுச்சீட்டு எல்லாம் அங்கேதான். இது பார்வையற்றவர்களுக்கு ஒரு பெரும் வரமாக அமைந்திருக்க வேண்டும். பேருந்து ஏற வேண்டாம், படி ஏற வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், யாருடைய கையையும் பிடிக்க வேண்டாம்.

ஆனால் பல நேரங்களில் நடப்பது வேறு. தளம் ஒத்துழைக்காதபோது அவர் பக்கத்து வீட்டுப் பையனையோ, கணிப்பொறி மையத்தில் இருப்பவரையோ நாட வேண்டியிருக்கிறது. அப்போது தம் வருமானம், வங்கிக் கணக்கு எண், நோய் விவரம், கைப்பேசிக்கு வரும் இரகசிய எண், கடவுச்சொல் ஆகிய அனைத்தையும் இன்னொருவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நபர் நல்லவராக இருந்தால் பிழைத்தார், இல்லாவிட்டால்? அவர் நல்லவராகவே இருந்தாலும், தட்டியது சரியா தவறா என்று சரிபார்க்க விண்ணப்பதாரருக்கு வழியில்லையே!

இந்த நிலை இயற்கையால் வந்ததா, நாமாக உண்டாக்கியதா? இதற்கு விடை காண, பார்வையற்றவர் கணிப்பொறியை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

குரல் எங்கிருந்து வருகிறது?

பார்வையற்றோருக்குக் கணிப்பொறியைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்குத் திரை வாசிப்பான் என்று பெயர். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் என்பவர் இத்தகைய ஒன்றை உருவாக்கினார். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978இல் ஒரு விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர், 1989இல் 'ஜாஸ்' என்னும் மென்பொருளை வெளியிட்டார். அது இன்றும் புகழ் பெற்றது. ஆனால் விலை அதிகம். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 'என்.வி.டி.ஏ.' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். இதை எவரும் காசு கொடுக்காமல் பெறலாம். தமிழையும் படிக்கும். இன்றைய கைப்பேசிகளிலும் இத்தகைய வாசிப்பான்கள் வாங்கும்போதே அமைந்திருக்கின்றன.

திரை வாசிப்பான் என்ற பெயரைக் கேட்டதும், அது ஒரு கேமராவைப் போலத் திரையைப் பார்த்துப் படிக்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. நாம் காணும் வண்ணத் திரைக்குப் பின்னால், அந்தப் பக்கத்தின் குறிப்பு மொழி இருக்கிறது. 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இது பொத்தான்', 'இது எழுதும் கட்டம்' என்று ஒவ்வொன்றையும் அது சொல்லிவைக்கிறது. உலாவி இந்தக் குறிப்புகளைக் கொண்டு ஒரு வம்சாவளிப் படம் போன்ற பட்டியலைத் தயாரிக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று செய்திகள் உண்டு: அதன் பெயர், அதன் பணி, அதன் நிலை. திரை வாசிப்பான் இந்தப் பட்டியலைத்தான் படிக்கிறது. "விண்ணப்பதாரர் பெயர், எழுதும் கட்டம், கட்டாயம், காலியாக உள்ளது" என்று அது சொன்னால், கேட்பவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடும்.

எழுத்தைக் குரலாக மாற்றுவது அடுத்த வேலை. இதைப் பேச்சுத் தொகுப்பான் செய்கிறது. முதலில் எண்களையும் சுருக்கக் குறிகளையும் சொற்களாக விரித்துக்கொள்கிறது. பிறகு எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று முடிவு செய்கிறது. தமிழில் இதுவே ஒரு சுவையான சிக்கல். 'கடல்' என்பதில் உள்ள ககரமும் 'தங்கம்' என்பதில் உள்ள ககரமும் ஒரே எழுத்துதான், ஒலி வேறு. 'பகல்' என்னும்போது மீண்டும் வேறு. இந்த விதிகளையெல்லாம் நிரலில் எழுதிவைக்க வேண்டும். கடைசியில் ஒலி அலைகள் உருவாகிக் காதுக்கு வருகின்றன.

பழகியவர்கள் இந்தக் குரலைச் சாதாரணப் பேச்சைக் காட்டிலும் இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். நமக்கு அது வண்டின் ரீங்காரம் போலத் தோன்றும். அவர்களுக்கோ ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்.

இன்னொரு வசதியும் உண்டு. நாம் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதில்லை. தலைப்புகளை மேய்ந்து வேண்டிய இடத்தில் நிற்கிறோம். திரை வாசிப்பானிலும் அப்படியே. 'எச்' என்ற விசையைத் தட்டினால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். வேறு விசைகளால் அட்டவணைக்கும், இணைப்புகளுக்கும், பொத்தான்களுக்கும் தாவலாம்.

காதும் கேளாதவர்களுக்குப் பிரெயில் காட்டி என்ற கருவி இருக்கிறது. மின்னழுத்தம் தரும்போது வளையும் படிகப் பட்டைகள் அதனுள் உள்ளன. அவை சிறு ஊசிகளை மேலே தள்ளிப் பிரெயில் புள்ளிகளை விரல் நுனியில் எழுப்புகின்றன. ஒரு வரியைத் தடவி முடித்ததும் புள்ளிகள் மாறி அடுத்த வரி எழும்.

ஓர் எண்ணுக்கு மூன்று வடிவங்கள்

இங்கே நாம் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண்தான். ஒருங்குறி என்னும் உலகப் பொது முறையில் 'அ' என்பது 2949. 'க' என்பது 2965. கணிப்பொறியின் நினைவகத்தில் கறுப்பு மையும் இல்லை, வெள்ளைத் தாளும் இல்லை. எண்களே உள்ளன. 2949 என்ற எண்ணைத் திரைக்கு அனுப்பினால் அது 'அ' என்ற வடிவமாகிறது. பேச்சுத் தொகுப்பானுக்கு அனுப்பினால் ஒலியாகிறது. பிரெயில் காட்டிக்கு அனுப்பினால் புள்ளியாகிறது.

அச்சுப் புத்தகம் பிறக்கும்போதே கண்ணுக்காகப் பிறந்தது. அதைப் பார்வையற்றவருக்குக் கொண்டு சேர்க்க யாராவது உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும், அல்லது பிரெயிலில் பெயர்க்க வேண்டும். இணையப் பக்கமோ அப்படிப் பிறக்கவில்லை. அது கண்ணுக்கும் காதுக்கும் விரலுக்கும் சமமாகப் பிறக்கிறது. வெறும் எழுத்தும் முறையான தலைப்பும் கொண்ட எளிய பக்கம் ஒன்றை எழுதினால், எந்தத் தனி முயற்சியும் இல்லாமலே திரை வாசிப்பான் அதைப் படித்துவிடும்.

அப்படியானால் தடை எங்கிருந்து வருகிறது? பக்கத்தைத் தயாரிக்கும்போது நாம் எழுப்பும் சுவர்களிலிருந்து வருகிறது. அவற்றுள் முக்கியமான ஐந்தைப் பார்ப்போம்.

ஐந்து சுவர்கள்

முதலாவது, எழுத்தைப் படமாக்குவது. ஓர் அரசாணை எப்படி இணையதளத்தை அடைகிறது? எழுத்தர் அதைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்கிறார். அச்சிடுகிறார். அதிகாரி கையொப்பமிட்டு முத்திரை வைக்கிறார். அந்தத் தாளை ஸ்கேனரில் வைத்துப் படம் எடுத்துத் தளத்தில் ஏற்றுகிறார்கள். தட்டச்சு செய்தபோது அது எண்களால் ஆன எழுத்தாக இருந்தது. ஸ்கேனரில் நுழைந்து வெளிவந்தபோது இலட்சக்கணக்கான கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகிவிட்டது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. திரை வாசிப்பானோ "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றுவிடும். அல்லது அதுவும் சொல்லாது.

படத்திலிருந்து எழுத்தை மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அச்செழுத்தைக் கண்டறிந்து உரக்கப் படிக்கும் பொறியை ரேமண்ட் குர்ஸ்வெயில் 1976இலேயே உலகுக்குக் காட்டினார். இன்று தமிழ் எழுத்தையும் கண்டறியலாம். ஆனால் மங்கலான நகலிலும், முத்திரை விழுந்த இடத்திலும் பிழை வரும். கடைசித் தேதியில் 3 என்பது 8 ஆகிவிட்டால் விண்ணப்பதாரரின் கதி என்ன? தட்டச்சு செய்த மூலக் கோப்பிலிருந்தே பி.டி.எஃப். எடுத்து, அதில் மின்கையொப்பம் இட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாவது சுவர் தமிழுக்கே உரியது. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினோம். எடுத்துக்காட்டாகப் 'பாமினி' எழுத்துருவில் 'அம்மா' என்று திரையில் தெரியும் சொல், கணிப்பொறிக்குள் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்கும். கண்ணுக்கு அது அம்மா. திரை வாசிப்பானுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு பக்கம் முழுவதும் இப்படிக் காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. எனினும் பழைய எழுத்துருக்களில் தயாரித்த கோப்புகள் எங்கெங்கு எஞ்சியிருக்கின்றனவோ, அங்கெல்லாம் இந்தச் சுவரும் நிற்கும். ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் 'இந்தப் பக்கத்தின் மொழி தமிழ்' என்ற ஒரு சிறு குறிப்பையும் பக்கத்தின் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் வாசிப்பான் ஆங்கிலக் குரலை விட்டுத் தமிழ்க் குரலுக்கு மாறும்.

மூன்றாவது, பெயரில்லாத படிவம். திரையில் 'தந்தை பெயர்' என்ற சொல் இடப்புறமும், எழுதும் கட்டம் வலப்புறமும் இருக்கும். இரண்டும் அருகருகே இருப்பதால் நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் 'இந்தப் பெயர் இந்தக் கட்டத்துக்கு உரியது' என்று குறிப்பு மொழியில் இணைத்து எழுதாவிட்டால், வாசிப்பான் "எழுதும் கட்டம், எழுதும் கட்டம், எழுதும் கட்டம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும். எதில் தந்தை பெயர், எதில் அஞ்சல் குறியீடு? பிழை நேர்ந்தால் "சிவப்பு நிறத்தில் உள்ளவற்றைத் திருத்துக" என்று சில தளங்கள் அறிவிக்கின்றன. பார்வையற்றவருக்குச் சிவப்பு எது? நிறக்குருடு உள்ளவருக்கும்கூட இது புதிர்தான். "அஞ்சல் குறியீட்டில் ஆறு எண்கள் வேண்டும்" என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் விளங்கும்.

நான்காவது, அமைப்பு இல்லாத பக்கம். தலைப்பைத் தலைப்பு என்று குறிக்காமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிடுகிறார்கள். கண்ணுக்கு அது தலைப்பாகத் தெரிகிறது. 'எச்' விசையைத் தட்டினால் தாவ ஓரிடமும் இல்லை. அட்டவணையில் எது பத்தியின் தலைப்பு, எது வரிசையின் தலைப்பு என்று குறிக்காவிட்டால், "12, 450, 38, 7" என்று எண்கள் மட்டும் காதில் விழும். அவ்வாறே ஒரு பக்கத்தில் இருபது இடங்களில் "இங்கே சொடுக்கவும்" என்று எழுதியிருப்பார்கள். இணைப்புகளை மட்டும் பட்டியலிட்டுக் கேட்பவருக்கு அந்த ஒரே வாக்கியம் இருபது முறை வரும். "2024ஆம் ஆண்டுத் தேர்வு முடிவுகள்" என்று இணைப்புக்கு அதன் பெயரையே வைப்பதில் என்ன கஷ்டம்?

ஐந்தாவது, வாசற்காவல். மனிதர்தாமா, எந்திரமா என்று அறிய, கோணல்மாணலாக வளைத்த எழுத்துகளைப் படமாகக் காட்டி, "இதைத் தட்டுக" என்று கேட்கும் 'கேப்ச்சா' முறையை நீங்கள் அறிவீர்கள். எந்திரத்தைத் தடுக்க வைத்த பூட்டு, மனிதரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. ஏனெனில் அந்தப் படத்துக்கு எழுத்தில் விளக்கம் தந்தால் எந்திரமும் அதைப் படித்துவிடும். ஒலி வடிவில் கேட்கும் வாய்ப்போ, கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பும் வழியோ உடன் இருந்தால் இந்த இடர் நீங்கும். நேரக் கெடு என்பது மற்றொரு காவல். சில நிமிடங்களில் படிவத்தை முடிக்காவிட்டால் தளம் தானே வெளியேற்றிவிடும். காதால் கேட்டு நிரப்புபவருக்குக் கூடுதல் நேரம் ஆகும் அன்றோ? கெடு முடியும் முன் எச்சரித்து, அதை எளிதாக நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும் என்று உலக விதி கூறுகிறது.

நான்கு கோட்பாடுகள்

உலக விதி என்றோமே, அது யார் வகுத்தது? இணைய வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ் லீ 1994இல் உலக வலைக் கூட்டமைப்பு என்ற அமைப்பை நிறுவினார். வலையின் பொதுத் தரங்களை வகுப்பது அதன் பணி. அணுகல் குறித்த அதன் முதல் வழிகாட்டி 1999 மே மாதம் வெளியாயிற்று. படத்துக்கு ஈடாக எழுத்தில் விளக்கம் தருக என்பதே அதன் முதல் விதி. இரண்டாம் வழிகாட்டி 2008இல் வந்தது. 2018இலும் 2023இலும் அது விரிவாக்கப்பட்டது.

அதன் சாரத்தை நான்கு கோட்பாடுகளில் அடக்கலாம். பக்கத்தில் உள்ளதை ஏதேனும் ஒரு புலனால் உணர முடிய வேண்டும். மவுஸ் இல்லாமல், விசைப்பலகையால் மட்டுமே இயக்க முடிய வேண்டும். சொல்வதும் செய்முறையும் புரிய வேண்டும். எந்த உலாவியிலும் எந்தத் துணைக் கருவியிலும் உடையாமல் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் அளந்து பார்க்கத்தக்க விதிகள் உண்டு. எடுத்துக்காட்டாக, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்திலேனும் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு மைக்கு இது 21க்கு 1. வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம். மங்கிய பார்வையுடையவருக்கு அது வெற்றுத் தாள்.

இந்தியாவில் தேசிய தகவலியல் மையம் தயாரித்த 'இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள்' 2009இல் வெளிவந்தன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. உலக விதிகளை ஒட்டியே அவை அமைந்துள்ளன. ஆகவே என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத குறை நம்மிடம் இல்லை. தெரிந்ததைச் செய்தே தீர வேண்டுமா என்பதுதான் நெடுங்காலக் கேள்வி. அந்தக் கேள்வி பல நாடுகளில் நீதிமன்றத்தின் படியேறியது.

நீதிமன்றங்கள் கூறியவை

கனடாவில் டொரண்டோ நகரைச் சேர்ந்த டோனா ஜோதன் என்ற பார்வையற்ற பெண்மணி, அந்நாட்டு அரசின் மீதே வழக்குத் தொடுத்தார். அரசுப் பணிக்கு இணையம் வழியாக விண்ணப்பிக்க அவரால் இயலவில்லை. 2006ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப் படிவத்தையும் பிறர் உதவியின்றி இணையத்தில் நிரப்ப முடியவில்லை. தொலைபேசியில் கேட்கலாமே, நேரில் வரலாமே என்பது அரசின் வாதம். 2010 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிறருக்குத் திறந்திருக்கும் வழி இவருக்கு மூடியிருப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று கூறி, தளங்களைச் சீர்செய்ய அரசுக்கு 15 மாத அவகாசம் தந்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பின் அடிப்படையை ஏற்றது.

நம் நாட்டுக்கு வருவோம். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்று உறுதி செய்தது. அதையொட்டி 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்தது. அதன் கீழ் 2017இல் வகுத்த விதிகளில் 15ஆம் விதி, அரசு இணையதளங்கள் மேற்சொன்ன வழிகாட்டு நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்றது. தளத்தில் ஏற்றும் ஆவணங்கள் எழுத்தாகப் படிக்கத்தக்க பி.டி.எஃப். அல்லது மின்னூல் வடிவில் இருக்க வேண்டும் என்றும் கூறியது. ஸ்கேன் செய்த வெறும் படத்துக்கு அதில் இடமில்லை.

எனினும் இதில் ஒரு முரண்பாடு இருந்தது. சட்டம் கட்டாயம் என்கிறது. விதி சுட்டிக்காட்டும் நெறிகளோ பெரும்பாலும் பரிந்துரையின் தன்மையில் இருந்தன. ராஜீவ் ரதூரி என்பவர் 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியது. 15ஆம் விதியின் முதல் பிரிவு சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயமான தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிமன்றம் மற்றுமொரு தீர்ப்பு வழங்கியது. வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் அட்டை வாங்கவும் இணையம் வழியாக அடையாளம் சரிபார்க்கும்போது, உயிருள்ள மனிதர்தாமா என்று அறியக் கேமராவின் முன் கண்களைச் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சினால் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் இதை எப்படிச் செய்வார்கள்? அவர்கள் தொடுத்த வழக்குகளில், இணைய வசதிகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறியது. 20 கட்டளைகளையும் பிறப்பித்தது.

செலவு பெரிதா?

இவ்வளவும் செய்ய எவ்வளவு பணம் ஆகுமோ என்று சிலர் அஞ்சுவர். இதற்கு விடை, வேலையை எப்போது செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டியின் இணையதளத்தைப் படிக்க இயலவில்லை என்று புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர் முறையிட்டார். படங்களுக்கு மாற்று உரை இல்லை. போட்டி முடிவுகளின் அட்டவணை விளங்கவில்லை. கட்டி முடித்த தளத்தைத் திருத்த ஓராண்டுக்கு மேலாகும் என்று அமைப்புக் குழு வாதாடியது. சில வாரங்களே போதும் என்றனர் மக்வயர் தரப்பு வல்லுநர்கள். மனித உரிமை ஆணையம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் வழங்கச் சொன்னது. வீடு கட்டும்போதே கதவின் அகலத்தைக் கூட்டுவது எளிது. கட்டிய சுவரை இடித்து அகலமாக்குவது கடினம். இணையதளமும் அப்படித்தான்.

கட்டிய தளம் சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? தானாகவே பிழை தேடும் மென்பொருள்கள் உண்டு. 'வெப்எய்ம்' என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் உலகின் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களை இவ்வாறு சோதிக்கிறது. 2019இல் அவற்றுள் 97.8 விழுக்காட்டிலும், 2024இல் 95.9 விழுக்காட்டிலும் பிழைகள் இருந்தன. அரசுத் தளங்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை என்பது இதனால் தெரிகிறது.

ஆனால் மென்பொருள் கண்டுபிடிப்பது ஒரு பகுதிப் பிழைகளையே. படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த உரையில் பொருள் இருக்கிறதா என்று அறியாது. வெள்ளப் பாதிப்பு வரைபடத்துக்கு "படம் 1" என்று மாற்று உரை எழுதியிருந்தாலும் அது தேர்ச்சி மதிப்பெண் கொடுத்துவிடும். ஆகவே திரை வாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒருவரை அமர்த்தி, விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசி வரை தனியாக நிரப்பச் சொல்லிப் பார்ப்பதே முழுச் சோதனை. அவர் எந்த இடத்தில் தடுமாறி நிற்கிறாரோ அதுதான் திருத்த வேண்டிய இடம். சமையலைச் சுவைத்துப் பார்க்காமல் பரிமாறலாமா?

இதன் பயன் பார்வையற்றவர்களோடு நிற்பதில்லை. ஒளி வேறுபாடு நன்றாக இருந்தால், வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் விவசாயிக்கும் எழுத்து தெரியும். விசைப்பலகையால் இயங்கும் தளம், கை நடுங்கும் முதியவருக்கும் உதவும். எழுத்தாக உள்ள அரசாணையில், வேண்டிய சொல்லை எவரும் ஒரு நொடியில் தேடிக் கண்டுபிடிக்கலாம். படமாக உள்ளதில் அவ்வளவு எளிதில் தேட முடியாது. தேடுபொறிக்கும் கண் கிடையாது அன்றோ! அதுவும் எண்களாக உள்ள எழுத்தைத்தான் படிக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். முதலில், ஓர் அரசுத் தளத்தைத் திறந்து மவுஸைத் தொடாமல் டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போங்கள். நீங்கள் இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று திரை காட்டுகிறதா? எல்லாப் பொத்தான்களையும் எட்ட முடிகிறதா? அடுத்து, ஓர் அரசாணையைத் திறந்து அதிலுள்ள ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டுங்கள். சொல் ஒட்டிக்கொண்டால் அது எழுத்து. தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம். ஆங்கிலக் குறிகளாக ஒட்டினால் அது பழைய எழுத்துரு. கடைசியாக, கைப்பேசியின் அமைப்புகளில் உள்ள திரை வாசிப்பானை இயக்கி, கண்களை மூடிக்கொண்டு ஒரு படிவத்தின் முதல் ஐந்து கட்டங்களைக் கேளுங்கள். குறை கண்டால் அந்தத் தளத்தில் உள்ள முகவரிக்கு எழுதுங்கள். எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று குறிப்பிட்டு எழுதினால் திருத்துபவருக்கு எளிதாக இருக்கும்.

நிரலை எழுதும் பொறியாளரின் கையிலும், கோப்பை ஏற்றும் எழுத்தரின் கையிலும் இந்தச் சாவி இருக்கிறது. நம் வாசகர்களுள் பலர் நாளை அந்த நாற்காலிகளில் அமரப் போகிறவர்கள். ஒரு படத்துக்கு இரண்டு வரி விளக்கம், ஒரு கட்டத்துக்கு ஒரு பெயர், ஸ்கேனருக்குப் போகாத ஒரு மூலக் கோப்பு: இவ்வளவையும் அன்றாட வழக்கமாக்கிக்கொண்டால் போதும். அப்போது எங்கோ ஓர் ஊரில் ஒரு மாணவி, தன் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாமல், கெடு முடிவதற்குள் தன் விண்ணப்பத்தைத் தானே அனுப்பிவிடுவாள். "உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது" என்ற வாக்கியத்தையும் தன் காதாலேயே கேட்டுக்கொள்வாள்.